வகுப்பு அமைதியா இருக்கு, கணக்கு ஏறலை: தொடக்க நிலையில் எங்கே விடுகிறோம்?

கரும்பலகை_ஓரம் | திங்கள், இரவு 8.40

ஈராசிரியர் பள்ளி. 4, 5 வகுப்புகள் ஒரே அறையில். 28 பிள்ளைகள், ஒரே ஆசிரியர். நம்மில் பலருக்கு இதுதான் அன்றாடம் என்பதால் இதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம்.

இப்படிப்பட்ட வகுப்பில் வழக்கமாக நடப்பது: லீடர் கரும்பலகையின் வலது மூலையில் ‘பேசியவர்கள்’ என்று தலைப்புப் போட்டுப் பெயர் எழுதுவான். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. மூன்று குறி விழுந்தால் எழுந்து நிற்க வேண்டும். மற்றவர்கள் ‘கையைக் கட்டு, வாயைப் பொத்து’. வராண்டாவில் நடந்து போகிறவருக்கு நல்ல வகுப்பாகத் தெரியும். ஆனால் தாள் திருத்தும்போது பார்த்தால், கடன் வாங்கிக் கழிப்பதில் பாதிப் பேர் ஜூனில் நின்ற இடத்திலேயே செப்டம்பரிலும் நிற்கிறார்கள்.

ஒழுங்குக்கும் படிப்புக்கும் உண்மையில் என்ன தொடர்பு? பெயர் எழுதுவதையும் நிற்க வைப்பதையும் விட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது? பொதுவாக இல்லாமல், நாளைக்கே செய்யக்கூடிய அளவுக்குச் சொல்லுங்கள்.

பத்துக்கட்டு | திங்கள், இரவு 9.15

முதல் கேள்விக்கு என் பதில்: அமைதி படிப்பைக் கொண்டுவராது. படிப்புக்கு இடம் விட்டுக் கொடுக்கும், அவ்வளவுதான். அந்த இடத்தில் என்ன வைக்கிறோம் என்பது தனி வேலை.

இதை 1972இல் அமெரிக்காவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஃபெரிட்டர் என்பவரும் அவர் குழுவினரும் சோதித்திருக்கிறார்கள். கணக்குப் பாட நேரத்தில் கவனமாக உட்கார்ந்திருப்பதற்கு மட்டும் பரிசு கொடுத்தார்கள். பிள்ளைகள் கவனமாக உட்கார்ந்தார்கள், சரியாகப் போட்ட கணக்கு கூடவில்லை. பிறகு சரியான விடைக்கு மட்டும் கொடுத்தார்கள். விடை கூடியது, கவனம் குறைந்தது. இரண்டுக்கும் சேர்த்துக் கொடுத்தபோதுதான் இரண்டும் தேறின. நாம் எதைக் கேட்கிறோமோ அதைத்தான் பிள்ளை கொடுக்கிறது. கையைக் கட்டச் சொன்னால் கையைக் கட்டுகிறது. கணக்கைப் போடு என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

ஆனாலும் ஒழுங்கு முக்கியம். ஏன் என்பதற்கு ஒரு நேரக் கணக்கு. தமிழ் முடிந்து கணக்கு தொடங்க, நோட்டு எடுக்க, குழுவாக மாறி உட்கார, இடைவேளை முடிந்து அடங்க என்று ஒரு நாளைக்கு ஐந்து மாற்றங்கள் என்று வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் 4 நிமிடம் போனால் 20 நிமிடம். கல்வி உரிமைச் சட்டப்படி 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல். 20 நிமிடத்தை 200 நாளால் பெருக்கினால் 4000 நிமிடம், 66 மணி நேரத்துக்கும் மேல். அதாவது 800 மணி நேரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு ‘நோட்டை எடு, நோட்டை எடு’ என்பதிலேயே கரைகிறது. அந்த 4 நிமிடத்தை ஒன்றரை நிமிடமாக்கினால் 41 மணி நேரம் திரும்பக் கிடைக்கும். ஒழுங்கிலிருந்து படிப்புக்கு வரக்கூடிய நேரடி லாபம் இதுதான்.

வாசல்_பணி | திங்கள், இரவு 9.50

பத்துக்கட்டு மேடம் சொன்ன நேரம் எங்கெங்கே ஒழுகுதுன்னு பார்த்தா பெரும்பாலும் நாலு இடம்தான்.

முதல் ஒழுகல், காலை வருகைப்பதிவு. ஆசிரியர் செல்போனில் செயலியைத் திறந்து, நெட் கிடைக்காம ஜன்னலோரம் போய் நிக்கிற அந்தப் பத்து நிமிஷத்தில் பிள்ளைங்களுக்கு வேலையே இல்லை. வேலை இல்லாத பிள்ளை பேசத்தான் செய்யும், அது குறும்பு இல்லை. அதனால பிள்ளைகள் உள்ளே வர்றதுக்கு முன்னாடியே பலகையில் ஐந்து கணக்கு இருக்கணும். இடது பாதி நாலாம் வகுப்புக்கு, வலது பாதி ஐந்தாம் வகுப்புக்கு. ஐந்தில் மூணு போன வாரத்து வேலை, எல்லாருக்கும் வரும். ஒண்ணு நேத்து நடத்தினது. கடைசி ஒண்ணு கொஞ்சம் யோசிக்கிற மாதிரி. எட்டு நிமிஷம். முடிஞ்சதும் பக்கத்துப் பிள்ளையோட நோட்டை மாத்தித் திருத்தணும்.

இதில் ரெண்டு தப்பு நடக்கும். புதுப் பாடத்தை இதில் வெச்சா, ஆளுக்கு ஆள் ‘டீச்சர் இது எப்படி’ன்னு மேசைக்கு வந்திடுவாங்க. இன்னொண்ணு, எழுதச் சொல்லிட்டு ஒரு நாளும் பார்க்காம விட்டா ரெண்டே வாரத்தில் ஒருத்தரும் எழுத மாட்டாங்க. தினமும் ஏழு நோட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாப் போதும், நாலு நாளில் 28ம் முடிஞ்சிடும். எந்த ஏழுன்னு முன்கூட்டிச் சொல்லக் கூடாது.

ரெண்டாவது, பாடம் மாறுற நேரம். இதை வாயால சொன்னாப் பத்தாது, விளையாட்டுக்குப் பயிற்சி கொடுக்கிற மாதிரி செஞ்சு பழக்கணும். தட்டு சத்தம் கேட்டா கையில் இருக்கிறதைக் கீழே வை, ஆசிரியர் முகத்தைப் பார். அடுத்து என்ன நோட்டு, எந்தப் பக்கம்னு ஆசிரியர் ஒரு தடவைதான் சொல்வார், அதைப் பலகையிலும் எழுதுவார். பழைய நோட்டு பைக்குள்ளே, புது நோட்டு மேலே. தேதி எழுதி முடிச்சதும் பென்சிலைக் கிடையா வை. முதல் நாள் இதையே மூணு தடவை சும்மா செஞ்சு பார்க்கணும், பாடமே இல்லாம. எத்தனை விநாடி ஆச்சுன்னு பலகையில் எழுதுங்க. 140 விநாடி அடுத்த தடவை 95 ஆனா அவங்களே இன்னொரு தடவை செய்யலாமான்னு கேப்பாங்க.

தட்டு சத்தம்னா ஏதோ ஒரு அடையாளம், கைதட்டலோ மணியோ. முக்கியம் என்னன்னா எல்லாரும் அடங்கினப்புறம்தான் பேசணும். 28ல 22 பேர் திரும்பினதும் நாம ஆரம்பிச்சுட்டா, மிச்சம் ஆறு பேர் ‘இது நமக்கு இல்லை’ன்னு கத்துக்குவாங்க. அடுத்த வாரம் அந்த ஆறு பன்னிரண்டாகும். ‘சத்தம் போடாதீங்க’ன்னு கத்துறது அடையாளத்தில் சேராது, அது இன்னொரு சத்தம்.

மூணாவது மொக்கைப் பென்சில், ஒண்ணுக்கு, ரப்பர் சண்டை. ஒரு டப்பாவில் சீவின பென்சில் ஆறு. மொக்கையை உள்ளே போட்டு ஒண்ணை எடுத்துக்கிட்டுப் போகணும், கேக்கவே வேண்டாம். கழிப்பறைக்கு ஆணியில் ரெண்டு அட்டை, பையனுக்கு ஒண்ணு, பெண்ணுக்கு ஒண்ணு. அட்டை ஆணியில் இருந்தா எடுத்துட்டுப் போகலாம். அவசரம்னா அட்டை இல்லைன்னாலும் போகலாம்ங்கிறதை முதல் நாளே சொல்லிடுங்க, அடக்கி வைக்கிற பிள்ளைக்கு எந்தப் பாடமும் ஏறாது.

நாலாவதுதான் ரொம்பப் பெரிசு: நோட்டுத் திருத்த மேசை முன்னாடி நிக்கிற வரிசை. ஒரு நோட்டுக்கு ஒரு நிமிஷம்னா கடைசிப் பிள்ளைக்கு 27 நிமிஷம் காத்திருப்பு. வரிசையில்தான் தள்ளுமுள்ளு. மேசையை விட்டுட்டு சிவப்புப் பேனாவோட நாம நடக்கணும். ரெண்டு கணக்குப் போட்டதும் எல்லாரும் நிறுத்தணும்னு சொல்லிட்டு, சந்தேகம் உள்ள பிள்ளைங்க கிட்ட முதல்ல போங்க. தப்பா பத்துக் கணக்குப் போட்டப்புறம் திருத்துறதை விட, ரெண்டில் பிடிக்கிறது அந்தப் பிள்ளைக்கு எவ்வளவோ நல்லது.

ஆலமரத்தடி | செவ்வாய், காலை 6.20

தப்பா எடுத்துக்க வேண்டாம். 28 பேருக்கு இதெல்லாம் சரி. 45 பேர் இருக்கிற நகரத்துப் பள்ளியில் கண்டிப்பு இல்லாம ஓடாது. அடிக்கக் கூடாது, ஒத்துக்கறேன். கல்வி உரிமைச் சட்டம் 17ஆவது பிரிவு உடல் தண்டனை மட்டுமில்ல, மனத் துன்புறுத்தலும் கூடாதுங்குது. ஆனா பேர் எழுதுறது, நிக்க வைக்கிறது, சத்தமா அதட்டுறது இதுவும் போச்சுன்னா வாத்தியார் கையில் என்ன மிச்சம்? பரிசு, ஸ்டார்னு பழக்கினா நாளைக்கு ஸ்டார் இல்லாம பென்சிலைத் தொட மாட்டான்.

பத்துக்கட்டு | செவ்வாய், காலை 7.05

சார், கண்டிப்பு வேண்டும். அதில் எனக்கும் உங்களுக்கும் வேறுபாடே இல்லை. சொன்னதைச் சொன்ன நேரத்தில், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி நடத்துவதுதான் கண்டிப்பு. அதட்டல் அந்த வேலையைச் செய்கிறதா என்பதுதான் கேள்வி.

1968இல் மேட்சன், பெக்கர் ஆகியோரின் குழு முதல் வகுப்புப் பிள்ளைகளைக் கவனித்தது. ஆசிரியர்களிடம் ‘உட்கார்’ என்று வழக்கத்தைவிட அதிகமாகச் சொல்லச் சொன்னார்கள். எழுந்து நின்ற பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியது. சொன்ன நொடியில் உட்கார்ந்ததால் ஆசிரியருக்குப் பலித்தது போலத் தெரியும். அரை நிமிடத்தில் இன்னொருவன் எழுவான். உட்கார்ந்து வேலை செய்பவரைப் பாராட்டியபோது நின்றவர்கள் குறைந்தார்கள். எழுந்தால் ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், உட்கார்ந்து எழுதினால் யாரும் கண்டுகொள்வதில்லை என்றால் பிள்ளை எதைச் செய்யும்?

1970இல் ஓ'லியரி குழு இன்னொன்றைப் பார்த்தது. வகுப்பே கேட்கும்படி கண்டிப்பதும், அந்தப் பிள்ளைக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகச் சொல்வதும். பெரும்பாலான பிள்ளைகளிடம் மெதுவான சொல்தான் தொல்லையைக் குறைத்தது. பக்கத்தில் போய்க் குனிந்து, “மூணாவது கணக்கு, இங்கிருந்து” என்று விரலை வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். நின்று முறைக்கக் கூடாது. நாம் நிற்கும் வரை மற்ற 44 பேரும் அதைத்தான் வேடிக்கை பார்ப்பார்கள்.

பாராட்டிலும் ஒரு தவறு நடக்கிறது. ‘வெரி குட், வெரி குட்’ என்று மழை மாதிரிப் பொழிந்தால் எது நன்றாக இருந்தது என்று பிள்ளைக்குத் தெரியாது. “பத்தைப் பிரிச்சு மேலே எழுதிட்டு அப்புறம் கழிச்சிருக்க, அதான் சரியா வந்திருக்கு” என்று செய்த செயலைச் சொல்ல வேண்டும். அதைக் கேட்கும் பக்கத்துப் பிள்ளைக்கும் அது பாடம்.

பரிசு பற்றி நீங்கள் பயப்படுவது நியாயம். மிட்டாயும் பேனாவும் வேண்டவே வேண்டாம். பரிசு இரண்டு மூன்று வாரத்தில் இடைவெளி விட்டுக் குறைய வேண்டும், குறைக்காமல் விட்டால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும்.

ஏணிப்படி | செவ்வாய், மதியம் 1.10

பெயர் எழுதுவதற்குப் பதில் என்ன என்று கேட்டதற்கு, ‘நன்னடத்தை விளையாட்டு’ என்ற முறையை எழுதுகிறேன். 1969இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் பாரிஷ், சாண்டர்ஸ், உல்ஃப் மூவரும் 24 பிள்ளைகள் உள்ள ஒரு நாலாம் வகுப்பில் செய்து காட்டியது. அனுமதியின்றிப் பேசுவது, கவனித்த சிறு சிறு நேரத் துண்டுகளில் 96 விழுக்காட்டில் இருந்தது, 19க்கு இறங்கியது. இடத்தை விட்டு எழுவது 82இலிருந்து 9க்கு. விளையாட்டை நிறுத்திப் பார்த்தபோது திரும்ப ஏறியது.

நம் வகுப்புக்கு ஏற்றபடி: 28 பேரை 7 பேர் வீதம் நாலு அணி. குறும்புக்காரர்களை ஒரே அணியில் குவிக்காதீர்கள், இரண்டு வகுப்புப் பிள்ளைகளையும் கலந்து போடுங்கள். விதி மூன்றுதான், அதுவும் கண்ணால் பார்க்கக் கூடியதாக. ‘ஒழுங்காக இரு’ என்பது விதி ஆகாது. ‘கேட்காமல் இடத்தை விட்டு எழுவதில்லை’, ‘அடுத்தவர் பொருளைத் தொடுவதில்லை’, ‘பேசினால் பக்கத்துப் பிள்ளைக்கு மட்டும் கேட்கும் குரல்’. மீறினால் எப்படி இருக்கும், மீறாவிட்டால் எப்படி இருக்கும் என்று நடித்துக் காட்ட வேண்டும்.

முதல் வாரம் ஒரு நாளைக்கு 10 நிமிடம், மூன்று நாள் மட்டும். பிள்ளைகள் தாமாகச் செய்யக்கூடிய எழுத்து வேலை நடக்கும்போது. தொடங்கும்போது சொல்லி, முடியும்போதும் சொல்ல வேண்டும். விதி மீறினால் அணியின் பெயருக்குக் கீழே ஒரு கோடு. “மூன்றாம் அணி, எழுந்ததற்கு ஒன்று. மற்ற அணிகள் எழுதுகின்றன”, இவ்வளவுதான் பேச்சு. பிள்ளையின் பெயர் வேண்டாம், அறிவுரையும் வேண்டாம். 4 கோட்டுக்குள் முடித்த எல்லா அணியும் வெற்றி. நாலு அணியும் வெல்லலாம், அதுதான் நல்லது. அணிக்கு அணி போட்டியாக்கினால், பின்தங்கியவர்கள் ‘எப்படியும் தோற்றுவிட்டோம்’ என்று வேண்டுமென்றே கலைப்பார்கள்.

வெற்றிக்கு: இரண்டு நிமிடம் விடுகதை, பாட்டு, சாப்பாட்டுக்கு முதலில் போவது, கடைசிப் பிரிவேளையில் படிப்பு மூலையில் விருப்பப் புத்தகம். முதல் வாரம் உடனே கொடுங்கள், பிறகு மாலைக்குத் தள்ளுங்கள், பிறகு வாரக் கடைசிக்கு. நேரத்தை 10, 15, 20 என்று கூட்டலாம், அரை மணிக்கு மேல் போக வேண்டாம். நாள் முழுவதும் விளையாடினால் அது விளையாட்டாக இருக்காது.

கெடுவது எங்கே என்றால், ஒரு பிள்ளையே கோடுகளை வாங்கி அணி முழுவதும் அவனைத் திட்டும் இடத்தில். 1969 ஆய்விலேயே இரண்டு பிள்ளைகள் அப்படி வந்தார்கள், ஒருவன் இனி விளையாட மாட்டேன் என்றே சொல்லிவிட்டான். அவர்களின் மீறலை அணிக் கணக்கில் சேர்க்காமல் தனியாக வைத்தார்கள். இதே நிலை நம் வகுப்பில் வந்தால், அந்தப் பிள்ளையைத் தனி அணியாக எடுத்து, அவனால் எட்டக்கூடிய எண்ணிக்கையை வைத்து, அவன் ஜெயித்தால் வகுப்புக்கே ஒரு விடுகதை கூடுதல் என்று செய்து பாருங்கள். திட்டு வாங்கியவனுக்கு அன்றைக்குக் கைதட்டு விழும்.

கரும்பலகை_ஓரம் | செவ்வாய், இரவு 8.05

இந்த விளையாட்டால் மதிப்பெண் ஏறியதாகச் சான்று இருக்கிறதா? என் கேள்வி அங்கேதான் தொடங்கியது.

ஏணிப்படி | செவ்வாய், இரவு 8.45

அமெரிக்காவின் பால்டிமோரில் 1985-86இல் முதல் வகுப்பில் 19 பள்ளிகளில் இந்த விளையாட்டை வைத்துத் தொடங்கிய நீண்ட ஆய்வு இருக்கிறது. விளையாடியவர்களில், முதல் வகுப்பில் முரட்டுத்தனம் அதிகமாக இருந்த ஆண் பிள்ளைகளுக்கு 19 முதல் 21 வயதில் போதைப் பழக்கம் குறைவாக இருந்தது. அது பெரிய பலன். ஆனால் இங்கிலாந்தில் 77 தொடக்கப் பள்ளிகளில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளிடம் இரண்டு ஆண்டு நடத்திய சோதனையில், வாசிப்பில் சராசரியாக முன்னேற்றம் இல்லை என்றே 2018இல் வெளிவந்த அறிக்கை சொன்னது. பல பள்ளிகளில் சொன்ன அளவு விளையாடவில்லை என்பதும் உண்மை.

இதற்காக விளையாட்டைத் தூக்கி எறிய வேண்டாம். அந்தப் பத்து நிமிடத்துக்குள் எந்த வேலை ஓடுகிறது என்று பாருங்கள். பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதும் வேலை ஓடினால் அமைதியாகப் பார்த்து எழுதுவார்கள், அவ்வளவுதான் கிடைக்கும். அதனால் 4 கோட்டுக்குள் முடித்த அணிக்கு ஒரு நட்சத்திரம், அதே நேரத்தில் கொடுத்த ஐந்து கணக்கில் அணியில் ஐந்து பேராவது நாலு சரியாகப் போட்டால் இன்னொரு நட்சத்திரம் என்று இரண்டையும் சேருங்கள். பத்துக்கட்டு மேடம் சொன்ன 1972 ஆய்வு காட்டிய வழி அது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: எல்லாருக்கும் ஒரே ஐந்து கணக்கு கொடுக்காதீர்கள். ஓரிலக்கக் கழித்தலில் நிற்கும் பிள்ளைக்கு அவன் நிலையில் ஐந்து. அவன் நாலு சரியாகப் போட்டால் அணிக்கு அதே மதிப்பு.

சிறப்பு_பயிற்றுநர்_தெற்கு | செவ்வாய், இரவு 9.30

எல்லாம் சரியாகச் செய்தும் அடங்காத ஒன்றிரண்டு பிள்ளைகள் எந்த வகுப்பிலும் இருப்பார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் கண்ணும் காதும். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, பலகையைப் பார்த்து எழுதாமல் பக்கத்து நோட்டையே எட்டிப் பார்க்கும் பிள்ளை, இவர்களை ‘கவனம் இல்லை’ என்று ஒதுக்கும் முன் சோதிக்க வேண்டும். பின்னால் நின்று சாதாரணக் குரலில் பெயர் சொல்லிப் பாருங்கள். கடைசி வரிசையிலிருந்து பலகையில் எழுதியிருப்பதை வாசிக்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. (அரசின் சிறார் உடல்நலப் பரிசோதனைத் திட்டம்) மருத்துவக் குழுவிடம் பெயர் கொடுங்கள், அவர்கள் வரும்வரை முன் வரிசையில் உட்கார வையுங்கள். சளி பிடித்துக் காது ஒழுகும் காலத்தில் மட்டும் கேட்காத பிள்ளைகள் இருக்கிறார்கள், இது நிறைய நழுவிப் போகிறது.

அடுத்து, ஐந்து நாளுக்கு ஒரு தாள். மூன்று கட்டம்: முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தான், பின்னால் என்ன கிடைத்தது. ‘சேட்டை செய்தான்’ என்று எழுதக் கூடாது. “11.20, கழித்தல் கணக்கு கொடுத்தேன். மூன்றாம் கணக்கில் பக்கத்துப் பிள்ளையின் ஸ்கேலைப் பிடுங்கினான். எழுந்து வெளியே நிற்கச் சொன்னேன்.” இப்படி. ஐந்து நாளில் இதே வரி மூன்று முறை வந்தால் காரணம் தாளிலேயே இருக்கிறது.

இந்த எடுத்துக்காட்டையே பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவன் நோட்டில் 52 − 27 = 35 என்று இருக்கும். தவறு எங்கே என்று தெரிகிறதா? 2இல் 7 போகாது என்பதால் 7இல் 2ஐக் கழித்து 5 போட்டிருக்கிறான், பிறகு 5இல் 2 போக 3. பெரியதில் சிறியதைக் கழிப்பது என்பதே அவனுக்குத் தெரிந்த விதி. 48 − 23 அந்த விதிக்குச் சரியாக வந்தது, 67 − 34 சரியாக வந்தது. மூன்றாவதில் சிக்கியது, அப்போது ஸ்கேலைப் பிடுங்கினான். வெளியே அனுப்பினோம், கணக்கிலிருந்து தப்பித்தான். நாளைக்கும் பிடுங்குவான். தண்டனை என்று நாம் நினைத்தது அவனுக்கு விடுதலை.

இவனுக்கு வேண்டியது ஈர்க்குச்சிக் கட்டு. பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்ட ஐந்து கட்டு, உதிரி இரண்டு. 27ஐ எடுத்துக் கொடு என்றால் உதிரி போதாது, ஒரு கட்டை அவனே பிரிக்க வேண்டும். இப்போது நாலு கட்டு, பன்னிரண்டு உதிரி. பிரித்த கையாலேயே பலகையில் 5ஐ அடித்து 4 என்று எழுத வையுங்கள். ஒரு நாளைக்கு நாலு கணக்கு போதும், அதில் இரண்டு அவனுக்கு ஏற்கெனவே வருவது. ஐந்துக்கு நாலு சரியாக வரும் அளவில் வேலை இருக்கும்வரை பெரும்பாலான பிள்ளைகள் கலைப்பதில்லை. அதோடு, தப்பிக்க ஒரு நேர்மையான வழியும் கொடுங்கள்: மேசையில் சிவப்பு மூடி ஒன்றை நிமிர்த்தி வைத்தால் ‘உதவி வேண்டும்’ என்று பொருள். அவன் மூடியை வைத்த ஒரு நிமிடத்துக்குள் நீங்கள் போக வேண்டும். போகாவிட்டால் ஸ்கேல்தான் மறுபடி.

இதற்கும் சான்று உண்டு. 1974இல் அயில்லான், ராபர்ட்ஸ் இருவரும் ஐந்தாம் வகுப்பில் ஓயாமல் தொல்லை கொடுத்த ஐந்து பையன்களுக்கு வாசிப்பில் சரியான விடைக்கு மட்டும் புள்ளி கொடுத்தார்கள். நடத்தையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விடைகள் சரியாகின, தொல்லையும் விழுந்தது. 1972 ஆய்வில் வேலைக்கு மட்டும் கொடுத்தபோது கவனம் குறைந்தது என்பதோடு இது மோதுகிறதே என்று கேட்கலாம். அது முழு வகுப்பு, இது வேலையில் சிக்கிக் கலைக்கும் குறிப்பிட்ட பிள்ளைகள். அதனால் வகுப்புக்கு இரண்டையும் சேர்த்து வையுங்கள், இந்தப் பிள்ளைக்கு வேலையிலிருந்து தொடங்குங்கள்.

ஆலமரத்தடி | புதன், காலை 6.35

52 − 27 = 35, இதை நோட்டில் தினமும் பார்க்கிறோம், தப்புன்னு போட்டுட்டுப் போயிடுறோம். ஏன் தப்புன்னு அந்தப் பிள்ளை கிட்ட கேக்கிறதில்லை. இதை ஒத்துக்கறேன்.

லீடரை என்ன செய்யறது? எடுத்துட்டா அவன் வீட்டிலேர்ந்து கேட்டு வருவாங்க.

வாசல்_பணி | புதன், காலை 7.20

லீடர் இருக்கட்டும் சார், வேலையை மாத்துங்க. பேர் எழுதுறதில் மூணு கேடு. எழுதுற நேரம் அவனுக்குப் பாடம் போகுது. நண்பன் பேரை விட்டுட்டுப் பிடிக்காதவன் பேரை எழுதுறான், அது எல்லாருக்கும் தெரியும். மாலை வரைக்கும் பலகையில் இருக்கிற பேரை வீட்டுக்குக் கூட்டிப்போக வர்ற அம்மா பார்க்கிறாங்க.

அதுக்குப் பதிலா வாரம் ஒரு தடவை மாறுற பொறுப்பு ஆறு வைங்க: பென்சில் டப்பா, நோட்டு வினியோகம், பலகை துடைக்கிறது, தண்ணீர், படிப்பு மூலை, நேரம் பார்க்கிறது. நேரம் பார்க்கிறவன் பாடம் மாற எத்தனை விநாடி ஆச்சுன்னு சொல்வான். எல்லாப் பிள்ளைக்கும் முறை வரணும், குறிப்பா யார் பேர் பலகையில் அடிக்கடி இருந்ததோ அவனுக்கு முதல் வாரமே.

45 பேர்னு சொன்னீங்களே, அங்கே உட்கார வைக்கிற விதமும் பார்க்கணும். தனியா எழுதுற வேலைக்கு வரிசை, பேசிச் செய்யுற வேலைக்கு வட்டம். இங்கிலாந்தில் வெல்டால் செஞ்ச ஆய்வுகளில், தனி வேலை நேரத்தில் மேசையைச் சுத்தி உட்கார்ந்ததைவிட வரிசையில் கவனம் கூடுதலா இருந்தது, அதுவும் கவனம் குறைஞ்ச பிள்ளைங்களுக்குத்தான் பெரிய வித்தியாசம். வருஷம் முழுக்க வட்டமாவே வெச்சுட்டு ‘பேசாதே’ன்னா, எதிரெதிர் முகம் பார்த்துக்கிட்டு எப்படிப் பேசாம இருப்பாங்க? ஆசிரியர் எந்தப் பிள்ளை பக்கமும் எட்டு பத்து அடியில் போய்ச் சேர நடைபாதை விடுங்க. 45 பேர் இருக்கிற அறையில் முதல்ல அடைபடுறது அந்த வழிதான், பை எல்லாம் சுவரோரம் போகணும்.

இளம்_இடைநிலை | புதன், இரவு 8.15

எண்ணும் எழுத்தும் (அரசின் அடிப்படை எண்ணறிவு, எழுத்தறிவுத் திட்டம்) வகுப்பில், பின்தங்கிய அரும்பு, இடையில் மொட்டு, முன்னேறிய மலர் என்று மூன்று கற்றல் நிலையும் ஒரே அறையில். அரும்புப் பிள்ளைகளோடு கீழே உட்கார்ந்தால் மலர் குழு ஐந்து நிமிடத்தில் ‘முடிச்சிட்டேன் மிஸ்’ என்று வந்துவிடுகிறது. எப்படிச் சமாளிப்பது?

ஏணிப்படி | புதன், இரவு 9.00

‘முடிச்சிட்டேன்’ என்று வருவது வேலை சிறியதாக இருப்பதால். மலர் குழுவுக்குப் பயிற்சி நூல் பக்கம் முடிந்ததும் அடுத்தது என்ன என்பது சுவரில் இருக்க வேண்டும்: நீயே ஒரு கணக்கு உருவாக்கி எழுது, அதை இன்னொருவரிடம் கொடுத்துப் போட வை, விடை தவறினால் இருவரும் சேர்ந்து காரணம் கண்டுபிடி. இதற்கு முடிவே கிடையாது.

நீங்கள் உட்காரும் இடமும் முக்கியம். அரும்புக் குழு சுவரைப் பார்த்து, நீங்கள் சுவருக்கு முதுகு காட்டி. அப்போது அறை முழுவதும் உங்கள் கண்ணில் இருக்கும். ஒரு எழுத்து அட்டை காட்டி முடித்ததும் தலையைத் தூக்கி ஒரு சுற்றுப் பாருங்கள். 12 நிமிடத்துக்கு மேல் ஒரே குழுவோடு இருக்காதீர்கள், எழுந்து இரண்டு நிமிடம் மற்ற இரு குழுவையும் சுற்றிவிட்டு வந்து உட்காருங்கள்.

கரும்பலகை_ஓரம் | புதன், இரவு 9.40

பலித்ததா என்று எப்படி அளப்பது? ‘இப்போ பரவாயில்லை’ என்று சொல்வதை நம்ப முடியவில்லை.

பத்துக்கட்டு | புதன், இரவு 10.05

இரண்டு எண் போதும், இரண்டும் ஒரே தாளில். ஒன்று, வாரத்துக்கு இரண்டு முறை, தனி வேலை நடக்கும் 10 நிமிடத்தில் அரை நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு பிள்ளையைப் பார்ப்பது, வரிசைப்படி அடுத்தடுத்த பிள்ளை. வேலையில் இருந்தால் சரிக்குறி, இல்லாவிட்டால் சுழி. இருபது பார்வையில் எத்தனை சரிக்குறி. மற்றொன்று, வெள்ளிக்கிழமை ஐந்து நிமிடம், பத்துக் கணக்கு, பிள்ளைவாரியாக எத்தனை சரி. முறையை மாற்றும் முன் இரண்டு வாரம் இந்த எண்களை எடுத்து வைக்க வேண்டும். அது இல்லாமல் தொடங்கினால் பிறகு ஒப்பிட ஒன்றும் இருக்காது.

நாலு வாரம் கழித்து, சரிக்குறி 11இலிருந்து 17 ஆகிக் கணக்கு நகரவே இல்லையென்றால் கோளாறு கொடுத்த வேலையில்: நிலைக்குப் பொருந்தாதது, அல்லது பார்த்து எழுதும் வேலை. கணக்கு ஏறிச் சரிக்குறி ஏறாவிட்டால் யாருக்கு ஏறியது என்று பிள்ளைவாரியாகப் பாருங்கள். பெரும்பாலும் முன் வரிசை எட்டுப் பேருக்குத்தான் ஏறியிருக்கும். கேள்வி கேட்டதும் கை தூக்குகிறவரிடமே போவதால் வருவது அது. கேள்வி கேட்டபின் மூன்று விநாடி மனத்துக்குள் எண்ணுங்கள், பிறகு பெயர் சொல்லுங்கள். முதலில் பெயர் சொல்லிவிட்டுக் கேட்டால் மற்ற 27 பேரும் அந்தக் கேள்வியிலிருந்து விலகிவிடுவார்கள்.

நாளை வியாழன். விளையாட்டை நாளைக்கே தொடங்க வேண்டாம். இரண்டு வாரம் எண் மட்டும் எடுங்கள், காலைப் பலகையில் ஐந்து கணக்கை மட்டும் நாளையே தொடங்கலாம்.